தொட்டி மாறிய குஞ்சுகள்

மார்ச் கடைசி, பனி இன்னும் அழுக்காகக் கிடந்த தீவனக் கடை.
சிவப்பு விளக்கின் கீழ் இரண்டு தகரத் தொட்டிகள்.
'முட்டைக்கு' என்று எழுதியிருந்ததிலிருந்துதான் எடுத்தேன்,
ஆறு. எல்லாம் ஒரே மஞ்சள்.
கல்லாவில் இருந்த பையனுக்குக் காய்ச்சலோ காதலோ,
பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல்
சில்லறையை நீட்டினான்.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்,
பெமிட்ஜிக்கு வடக்கே நாற்பது மைல்,
இருபத்திமூன்று பிள்ளைகள்.
பெயர் வைக்கும் வேலையை அவர்களிடம் விட்டேன்.
பான்கேக், இடி, சின்ன இடி, பட்டன்,
மேவ் என்கிற சிறுமி வைத்தது திருமதி ஓல்சன்.
ஆறாவது, கடைசி இருக்கை ஸோரனின் பங்கு.
"வளரட்டும், பார்க்கலாம்" என்றான்.
அவன் அப்பா வான்கோழிப் பண்ணைக்காரர்.

மூன்றாம் வாரம்
தீவனத் தட்டின் முன் உட்கார்ந்தவை எழுந்திருக்கவில்லை.
நெஞ்சில் இறகு இல்லை, வெந்தது போல் சிவந்த தோல்.
கோழிக்கால் இல்லை அவை, மேசைக்கால்.
ஏற்கெனவே இருந்த நான்கு முட்டைக்கோழிகள்
வேலியோரம் ஒதுங்கி
ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தன,
சம்பந்தமில்லாத ஆட்களை
விருந்துக்கு அழைத்துவிட்டவளைப் பார்ப்பது போல.

நோய் என்று நினைத்து
குடிதண்ணீரில் மருந்து கலந்தேன்.
ஆரின் ஸ்கோக்ஸ்டாட் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று சிரித்தார்.
"கறிக்கோழி, கிரெட்டா.
நீ முட்டைக்குக் காத்திருக்கிறாய்,
அவை அடுப்புக்கு.
எட்டு வாரம். மேலே போனால்
கால் ஒடியும், இல்லை நெஞ்சு நிற்கும்."

அன்றிரவே தட்டை உள்ளே எடுத்து வைத்தேன்.
காலையில் தீவனம் ஒரு மூலை, தண்ணீர் எதிர் மூலை,
நடுவே முப்பதடி.
ஒரு வாய் குடிக்க ஒரு பயணம்.
தத்தித் தத்தி, பாதி வழியில் உட்கார்ந்து,
மூச்சு வாங்கி, மறுபடி.
போன மாதம் டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்ததும்
இதே வைத்தியம்தான்.
வாளியைத் தூக்கிக்கொண்டு
நானும் கூடவே நடந்தேன்.

மே மாதத்தில் ஒருநாள் திடீரென்று ஆகஸ்ட் வந்தது.
பான்கேக் நடுவழியில் உட்கார்ந்தது, அவ்வளவுதான்.
கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள்.
தன் எடையே தன்னை மிதிக்கும் என்று
யாரும் சொல்லி வைக்கவில்லை.

சனிக்கிழமை ஆரின் கூம்பும் கத்தியும் கொண்டு வந்தார்.
அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.
பிடித்துக் கொடுப்பது என் வேலை.
ஒரு பறவைக்குள் அவ்வளவு சூடு இருக்கும் என்று தெரியாது,
அவ்வளவு நம்பிக்கை இருக்கும் என்றும்.
கூப்பிட்டதும் வந்தன,
தீவனம் என்று நினைத்து.
பெயர் இருந்த நான்கையும் பிடித்தேன்.
பெயரில்லாததிடம் கை போகவில்லை.
காரணம் கேட்காதீர்கள், ஆரின் கேட்கவில்லை.

திங்கட்கிழமைக்கு ஒரு பொய் தயார் செய்திருந்தேன்:
விஸ்கான்சினில் பெரிய பண்ணை, குளம்.
முதல் நிறுத்தத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையே
கண்ணாடியில் ஸோரனின் கண்.
"சுத்தம் செய்தபிறகு எத்தனை பவுண்டு?"
"ஏழரை" என்றேன்.
தேவாலய வாசலில் ஆண்கள் தலையாட்டுவார்களே,
அப்படி ஆட்டினான்.
பேருந்து முழுக்க எஞ்சின் சத்தம் மட்டும்.
இறங்கும்போது மேவ்,
"திருமதி ஓல்சனுமா?"
"ஆமாம்."
பையை மாற்றி மாட்டிக்கொண்டாள்.
மறுநாளும் முதல் இருக்கையில்தான் உட்கார்ந்தாள்,
பேசவில்லை.

ஜூனில் ஒன்றை எடுத்துச் சுட்டேன்,
வெண்ணெய், உருளைக்கிழங்கு, கொஞ்சம் தைம் இலை.
ருசியாக இருந்தது.
அதைச் சொல்லாமல் விட்டால்
விஸ்கான்சின் குளம் மாதிரி ஆகிவிடும்.

மிச்சமிருந்தது இன்னும் நடக்கிறது.
அக்டோபரில் முட்டைப்பெட்டியின் படியேற முடியாமல்
முப்பதடியின் நடுவில்,
உறைந்த சேற்றின் மேல்,
ஓடு மெலிந்த ஒரு முட்டை இட்டது.
பழைய கோழிகள் வந்து பார்த்துவிட்டுப் போயின.
ஸ்வெட்டர் பைக்குள் வைத்து
பேருந்துக்கு எடுத்துப் போனேன்.
ஸோரன் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினான்.
"வளர்ந்துவிட்டது. இனியாவது பெயர் வை."
யோசித்தான்.
"குளிர்காலம் போகட்டும்" என்றான்.